மெலிந்த கம்பி

கடலூர் ரேஸ் அணியின் கார் மூன்று வருடமாகக் கடைசியில்தான் வந்துகொண்டிருந்தது. புதிதாகத் தொழில்நுட்பத் தலைவராக வந்த டேவிட் ராஜ் காரின் எடையைக் குறைப்பதிலேயே குறியாக இருந்தார். முன்சக்கரத்தைத் தாங்கும் கம்பிகளை மெல்லியதாக்கச் சொன்னார். காரை வடிவமைத்த பெலிசியா கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "தாங்காது சார்" என்றாள். அவர் அவளுடைய வரைபடத்தைத் தானே திருத்தி, மெல்லிய கம்பிகளையே போடவைத்தார்.

சிதம்பரம் பக்கம் மூடிக் கிடந்த ஓர் ஆலையின் சுற்றுச்சாலையில் சோதனை ஓட்டம் நடந்தது. ஓட்டுநர் சகாயநாதன் ஆறு சுற்று முடித்து வந்து நின்றபோது எல்லோரும் கைதட்டினார்கள். அவ்வளவு வேகம். பெலிசியா மட்டும் சக்கரத்தருகே குனிந்தாள். கம்பியின் வெல்டிங் ஓரத்தில் முடி கனத்துக்கு ஒரு கோடு ஓடியிருந்தது.

"சார், வெடிப்பு வுட்டிருக்கு. இதோட நிறுத்திக்கலாம்."

"பெயிண்ட்தாம்மா உரிஞ்சிருக்கு. இன்னும் ரெண்டு ரவுண்டு போவட்டும்."

பெலிசியா ஓட்டுநரிடம் திரும்பினாள். "சகாயம், எறங்குடா."

அவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு இறங்கிவிட்டான்.

டேவிட் ராஜின் முகம் சிவந்தது. சகாயநாதன் கையிலிருந்த ஹெல்மெட்டைப் பிடுங்கினார். "நானே ஓட்டிக் காட்டறேன்."

பெலிசியா காரின் குறுக்கே ஓடுவதற்குள் கார் பாய்ந்துவிட்டது. முதல் சுற்றில் அவளைத் தாண்டும்போது அவர் கையை உயர்த்திக் காட்டினார். இரண்டாவது சுற்றில் சவுக்குத்தோப்புக்குப் பின்னால் போன இரைச்சல் சட்டென்று நின்றது.

அவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது கார் மரத்தில் மோதிக் கிடந்தது. முன்சக்கரம் கழன்று எங்கோ போயிருந்தது. டேவிட் ராஜ் கண் விழித்துத்தான் இருந்தார்.

"காலு இருக்கறதே தெரியலம்மா" என்றார்.