மோர் ஊற்றாத இலை

1942ஆம் ஆண்டு, தீபாவளி அமாவாசை கழிந்த இரண்டாம் நாள், பகல் பதினொன்றரை மணிக்கு, மயிலாப்பூர் சித்திரைக்குளத்தை ஒட்டிய ஒரு வீட்டுக்கு யமன் சாப்பிட வந்தான். எருமையை வாசல் முருங்கையில் கட்டிவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போய், வாலாம்பாள் தன் அண்ணனுக்காகப் போட்டிருந்த இலையில் உட்கார்ந்தான். அந்த இலைக்கு ஆள் வராதது அது பதினோராவது வருஷம். அவள் கல்யாணத்தில் காப்பிக்குப் பொறுப்பாக நின்றவன் அண்ணன் கோதண்டபாணி. காப்பி தண்ணீராக இருக்கிறது என்று மாப்பிள்ளை வீட்டார் யாரோ சொல்லப்போக, இனி அந்த வீட்டு வாசற்படியை மிதிப்பதில்லை என்று சபதம் போட்டு மாம்பலத்தில் உட்கார்ந்துவிட்டான். வருஷா வருஷம் கடிதம் போட்டு, சமைத்து, வாசலைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் இலையைப் பசுவுக்குப் போட்டு வாலாம்பாளுக்கு அலுத்துப்போயிருந்தது.

யாரும் வீட்டுக்குக் கூப்பிடத் துணியாத யமனை முதன்முதலில் அழைத்து இலை போட்டவள் அவன் தங்கை யமுனை. வயிறு குளிர்ந்தவன் என்ன வரம் வேண்டும் என்றான். இந்த நாளில் தங்கை கையால் சாப்பிடும் அண்ணனை அந்த வருஷம் நீ தொடக் கூடாது என்று அவள் வாங்கிக்கொண்டாள். தங்கைகள் அண்ணனுக்கு இலை போடும் இந்தப் பண்டிகை வந்தது அப்படித்தான். கேட்டதுதான் கேட்டாள், வராத அண்ணனை என்ன செய்வது என்று ஒரு வார்த்தை சேர்த்துக் கேட்டிருக்கக் கூடாதா என்பது வாலாம்பாளின் தீராத ஆற்றாமை. தங்கை வீட்டுக்குப் போகவில்லையா என்று யமனிடம் விசாரித்தாள். யுத்தகாலம், வடக்கே போகும் ரயில் முழுக்க சோல்ஜர்கள், எருமைக்கும் வயதாகிவிட்டது என்றான். இரண்டாம் முறை குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டு, "சாப்பிட்டுட்டு மாம்பலம் போகணும்மா. கோதண்டபாணின்னு ஒருத்தர்" என்றான்.

வாலாம்பாளுக்கு வயிறு எரிந்தது. யமன்மேல் இல்லை, அண்ணன்மேல். கெஞ்சிப் பயனில்லை என்று தெரிந்ததால் கெஞ்சவில்லை. ரசம் வரை பரிமாறினாள், மோர் ஊற்றவில்லை. மோர் சாதம் சாப்பிடாமல் எழுந்தால் பரிமாறியவளை அவமதித்ததாகும். தர்மராஜன் என்று பேர் வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியுமா? உட்கார்ந்தே இருந்தான். அடுத்த தெருவில் காலையிலிருந்து இழுத்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற தாசில்தார் எழுந்து உட்கார்ந்து பத்திரிகை கேட்டார். அவள் தயிர்சாதத்தைப் பிசைந்து சம்புடத்தில் எடுத்துக்கொண்டு அக்பர் பாஷாவின் ஜட்காவில் ஏறினாள்.

"சீக்கிரம் ஓட்டுப்பா. யமன் நம்மாத்து இலையில உக்காண்டிருக்கான்."

"மோர் ஊத்திட்டீங்களா மாமி?"

"இன்னும் இல்லை."

"அப்போ டைம் கீது" என்று அக்பர் பாஷா குதிரையைத் தட்டினான்.

கோதண்டபாணி கதவைத் திறந்தான். "அந்தக் காப்பியைப் பத்தி ஒருத்தராவது வந்து மன்னிப்பு..." என்று ஆரம்பித்தான்.

"காப்பி தண்ணிதான் அண்ணா. நானே குடிச்சேன்" என்று சொல்லி, திறந்த வாயில் ஒரு பிடியை அடைத்தாள் வாலாம்பாள். விழுங்காவிட்டால் மூச்சு முட்டும் என்பதால் விழுங்கினான். உப்புப் போதவில்லை என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டான். கட்டையிலே போறவனே என்று திட்ட வாயெடுத்தவள், இன்றைக்கு வேண்டாம் என்று அடக்கிக்கொண்டு வீடு திரும்பி மோர் ஊற்றினாள். யமன் சாப்பிட்டு முடித்து, மாம்பலத்து வேலை போயிற்றே என்று முணுமுணுத்தபடி எருமையை அவிழ்த்தான். தாசில்தார் நாலு மணிக்குப் போனார்.

யுத்தம் முடிந்து ரயிலில் இடம் கிடைத்த பிறகும் யமன் வருவதை நிறுத்தவில்லை, குழம்பு பிடித்துப்போயிற்று. வருஷா வருஷம் வாலாம்பாள் அவனை மோருக்குக் காக்கவைத்துவிட்டு மாம்பலம் போனாள். கோதண்டபாணி மயிலாப்பூர் வாசற்படியை மிதிக்கவே இல்லை, அவளோடு ஒரு வார்த்தை பேசவும் இல்லை. ஆனால் அந்த நாளில் ஜட்கா சத்தம் கேட்டால் கதவைத் திறந்து, வாயையும் திறந்துகொண்டு நின்றான்.