அத்திபெலே வயலின் எண்கள்

"நீ வயலுக்குப் போகலைன்னு நான் சொன்னேனா, நோயல்? போய் நீ என்ன பண்ணினேன்னுதான்..."

"போகாம, பஸ் ஸ்டாண்டுல உக்காந்து குப்பியில காத்தைப் புடிச்சிட்டு வந்தேன்னு நினைக்கறீங்க. அதை நேராவே..."

"என்னைப் பேச விடறியா?"

"மூணு வருஷமா நீங்கதான் மேடம் பேசறீங்க. ஆபீஸ் பூரா."

ஜூலியா கியரை மாற்றினாள். சந்தாபுரம் தாண்டி ஓசூர் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே கார் ஊர்ந்துகொண்டிருந்தது. முகம் பார்க்காமல் சண்டை போடுவதற்குக் கார் வசதியான இடம். நோயல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பெங்களூரில் அவர்கள் வேலை செய்யும் நிறுவனம், நாட்டின் விளைநிலங்களிலிருந்து முப்பது வருஷமாக எவ்வளவு நைட்ரஸ் ஆக்சைடு கிளம்பியிருக்கிறது என்று கணக்கெடுத்துக்கொண்டிருந்தது. வயலில் போடும் யூரியாவில் ஒரு சிறு பங்கை மண்ணிலிருக்கும் நுண்ணுயிர்கள் இந்த வாயுவாக மாற்றி மேலே அனுப்பிவிடும். கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. ஆனால் கிலோவுக்குக் கிலோ, பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடெல்லாம் இதன் பக்கத்தில் நிற்க முடியாது.

யூரியா விற்பனை ஏற ஏற, அந்தக் கணக்குக்குப் பொறுப்பான ஜூலியாவின் வரைபடத்தில் கோடும் ஏறிக்கொண்டே வந்தது. இந்த வருஷ வரைவில் மட்டும் மொத்தக் கோடும் கீழே இறங்கி உட்கார்ந்துவிட்டது. காரணம் அத்திபெலே. மானாவாரி நிலங்களுக்கெல்லாம், அங்கே ஒரு ராகி வயலில் மூன்று வருஷமாக எடுத்த அளவையே இந்த வருஷம் மாதிரியாக எடுத்திருந்தார்கள். புது அளவு வந்தால் பழைய வருஷங்களையும் அதை வைத்தே திருப்பிப் போட வேண்டும் என்பது இந்த வேலையின் விதி. ஒரு வயல் பொய் சொன்னால் முப்பது வருஷமும் சேர்ந்து பொய் சொல்லும்.

அந்த வயல் சொன்னது நம்பக்கூடியதாக இல்லை. யூரியா போட்ட பாத்தியிலும் போடாத பாத்தியிலும் கிட்டத்தட்ட ஒரே எண். ஒரு பருவம் என்றால் மழையைக் குறை சொல்லலாம். மூன்று வருஷமாக அப்படியே. குப்பிகளைத் தொடுகிறவன் நோயல் ஒருவன்தான். மண்ணில் பதித்த இரும்பு வளையத்தின் மேல் பெட்டியைக் கவிழ்த்து, வளையத்து மண் விடும் காற்றைக் கால் மணிக்கு ஒரு தரம் ஊசியால் இழுத்துக் குப்பியில் அடைப்பது அவன் வேலை. வெயிலில் நிற்கச் சோம்பல்பட்டு எங்கேயோ நிழலில் நிரப்பிக்கொண்டு வருகிறான் என்று ஜூலியா முடிவு கட்டியிருந்தாள். நேற்று டைரக்டருக்கு எழுதியும் கொடுத்துவிட்டாள். ஒன்பது வருஷ ஒப்பந்தக்காரன். புதுப்பிப்பதா வேண்டாமா என்று திங்கட்கிழமை தீர்மானிப்பார்கள். காக்ஸ் டவுன் தேவாலயத்தில் ஞாயிறு பூசைக்கு அவன் அம்மா சாந்தகுமாரி ஜூலியாவுக்கு முன் பெஞ்சில்தான் உட்காருவாள். அந்தம்மாவை எப்படிப் பார்ப்பது என்பதை மட்டும் ஜூலியா இன்னும் யோசிக்கவில்லை.

இன்றைக்குத் தன் கையாலேயே காற்றெடுத்துவிடுவது என்றுதான் அவனையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டாள். உரம் போட்ட மறுநாள் காலை பத்து மணிக்கு எடுப்பது முறை. ஆனால் முந்தின நாள் மழை விடாததால் உரம் போடுவது தள்ளிப்போயிருந்தது. அவர்கள் போய் இறங்கும்போது, வயலைப் பார்த்துக்கொள்கிற பாஞ்சாலி இடுப்பில் பக்கெட்டோடு பாத்திக்குள் யூரியா வீசிக்கொண்டிருந்தாள். உரம் போடும் நாளில் ஆபீஸிலிருந்து யாரும் இதுவரை வந்ததில்லை.

ஜூலியா வரப்பில் நின்று பார்த்தாள். பாஞ்சாலியின் கை ஒரே சீராக வீசிக்கொண்டு வந்தது. வளையத்துக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றாள். அக்குளில் இடுக்கியிருந்த முறத்தை எடுத்து வளையத்தின் மேல் கவிழ்த்தாள். சுற்றிலும் வீசினாள். முறத்தை எடுத்து, ஒட்டிய மணிகளை வெளியே தட்டிவிட்டு, அடுத்த வளையத்துக்கு நகர்ந்தாள்.

என்ன செய்கிறாய் என்று ஜூலியா கேட்டதே பாஞ்சாலிக்கு விசித்திரமாக இருந்தது.

"நீங்கதானே மேடம் சொன்னது. வளையம் பதிச்ச அன்னைக்கு, இதுக்குள்ள தூசி துரும்பு விழக் கூடாதுன்னு. மூணு வருசமா ஒரு மணி விழ விட்டதில்ல நானு."

ஜூலியாவுக்கு நினைவு வந்தது. அன்றைக்கு எதிர்க்காற்றில் வைக்கோல் பறந்துகொண்டிருந்தது. குப்பையைத்தான் சொன்னாள். அடுத்த வாரம் யூரியா வரும், அது மட்டும் விழ வேண்டும் என்று பாஞ்சாலிக்கு யாரும் சொல்லவில்லை.

அந்த நினைவு ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை, சந்தேகம் வேறு கிளைக்குத் தாவிவிட்டது. வளையத்துக்குள் நின்ற ராகி வெளுத்துக் கிடந்தது. வெளியே இருந்தது கரும்பச்சை. யூரியா மறுநாளைக்குள் கரைந்துவிடும், அது நோயல் கண்ணில் படாதிருக்கலாம். இந்த வெளுப்புமா? தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தானா?

"இது உன் கண்ணுல படவே இல்லையா?" என்றாள்.

"பட்டுச்சு. எழுதினேன்."

"எங்க எழுதினே? எனக்கு ஒண்ணும் வரலையே."

அவன் பையிலிருந்து வயல் நோட்டை எடுத்து நீட்டினான். நேரம், வெப்பம், குப்பி எண், எல்லாம் கட்டம் கட்டமாக. கடைசிக் கட்டம், குறிப்பு. ஆபீஸுக்கு அனுப்பும் படிவத்தில் அந்தக் கட்டம் கிடையாது. எண் மட்டும் போதும் என்று அந்தப் படிவத்தைப் போட்டவள் ஜூலியா. நோட்டில், முதல் வருஷ ஆகஸ்டில், 'வளையத்துள் பயிர் வெளுப்பு' என்று இருந்தது. பிறகு செப்டம்பரில். அடுத்த வருஷம் நான்கு இடத்தில். 'ஏன்?' என்று ஓரிடத்தில்.

எல்லா வருஷத்துக்கும் ஒரே நீலப் பேனா.

பாஞ்சாலி முறத்தைப் பிடித்தபடி, மிச்சத்தை வீசவா வேண்டாமா என்று இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஜூலியா நோட்டை வெளிச்சத்துக்குச் சாய்த்தாள். கட்டைவிரல் தானாகவே அந்த வரியின் மேல் போய், லேசாகத் தேய்த்துப் பார்த்தது.

நோயல் அந்த விரலைப் பார்த்தான்.

"மை காஞ்சிடுச்சான்னு பாக்கறீங்களா, மேடம்?"