முப்பத்தெட்டுப் பெயர்கள்

2024 ஜூலை 9ஆம் தேதி, எண்ணூரில் ஒரு மீனவர் சங்கத்தின் கணினியில் இருந்த ‘தொழில் பாதிக்கப்பட்டோர்’ பட்டியலில் 214 பெயர்கள் இருந்தன. ஜூலை 11ஆம் தேதி நிவாரணத்துக்காக அரசு அலுவலகத்தில் கொடுக்கப்பட்ட அதே பட்டியலில் 176 பெயர்கள் இருந்தன.

காணாமல் போனது கடைசிப் பக்கம். அதில் இருந்த முப்பத்தெட்டுப் பேரும் பெண்கள். படகு கிடையாது, இடுப்பளவு ஆற்றில் இறங்கி, கையால் தடவி இறால் பிடிப்பவர்கள். அவர்களில் ஒருத்தி பவுனம்மாள்.

பவுனம்மாளின் மகள் சௌமியா காலடிப்பேட்டையில் ஒரு கணினிப் பயிற்சி மையத்தில் பாடம் எடுக்கிறாள். ஒரு கோப்பில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும், பழையதை அழிக்காமல் சேமித்துவைக்கும் ‘கிட்’ என்ற மென்பொருளைப் பற்றித் தொடக்கநிலை மாணவர்களுக்காகத் தமிழில் ஒரு புத்தகம் எழுதியிருந்தாள். யார் மாற்றியது, எப்போது, எதற்காக? இந்த மூன்று கேள்விகளையும் விளக்க, முதல் அத்தியாயத்தில் அந்தப் பட்டியலுக்கு நேர்ந்ததையே உதாரணமாக வைத்திருந்தாள்.

தண்டையார்பேட்டையில் பாடத்துணை நூல்கள் போடும் பாலகணேஷ், அந்தப் பக்கங்களில் மட்டும் சிவப்புப் பேனாவால் குறுக்குக் கோடு போட்டிருந்தார்.

“புத்தகம் நல்லா வந்திருக்கும்மா. இன்டர்வியூ கேள்வி ஒரு அம்பது சேத்துருங்க. இந்தப் பட்டியல் மட்டும் வேண்டாம். சாம்பார் செய்முறைன்னு வச்சுக்கிடுங்க. பருப்பைக் கூட்டுனோம், புளியைக் குறைச்சோம். புள்ளைகளுக்குப் புரிஞ்சிரும்லா?”

“புரியும் சார். எதுக்குன்னுதான் தெரியாது. சாம்பார்ல புளி போனா யாரும் பட்டினி கெடக்க மாட்டாங்க.”

“உங்க சங்கத்து ஆளுங்க கடைக்கு வந்து சத்தம் போட்டா?”

“நான் யாரையும் குத்தம் சொல்லல. யார் எடுத்தாங்கன்னு தெரியலன்னுதான் எழுதியிருக்கேன்.”

“அதாம்மா பிரச்சினையே.”

பேருந்தில் திரும்பும்போது, பெயர்கள் காணாமல் போனது தெரியவந்த நாள் சௌமியாவுக்கு நினைவு வந்தது. சங்கச் செயலாளர் ராமதாஸ் அவளுக்குச் சித்தப்பா முறை. அன்று அவரிடம் கேட்டபோது, “பயசு ஒண்ணு புச்சு ஒண்ணு இர்ந்தா கொயப்பம் கண்ணு. அதான் அது மேலயே சேவ் பண்ணிகினே வந்தேன். எவன் எட்த்தான்னு எனக்கு இன்னா தெரியும்?” என்றார். பொய் சொல்லவில்லை. பொறுப்பாகச் செய்ததாகவே நினைத்தார். ஆனால் பழைய பட்டியல் எங்கும் மிஞ்சவில்லை, 214 என்ற எண்ணிக்கை மட்டும்தான் அவர் நினைவில் இருந்தது. அந்தக் கணினியைத் தொடுபவர்கள் நான்கு பேர். நால்வருக்கும் ஒரே கடவுச்சொல், அதுவும் திரையின் ஓரத்தில் ஒட்டப்பட்டிருந்தது. நால்வருமே தாங்கள் இல்லை என்றார்கள். சங்கம் கொடுத்தது இவ்வளவுதான் என்றது அலுவலகம். முப்பத்தெட்டுப் பேரின் பிழைப்பு போயிருக்கிறது, போக்கியவர் என்று ஒருவருமில்லை.

வீட்டு வாசலில் பவுனம்மாள், ஆற்றில் பல்லால் கடித்துப் பிடித்துக்கொள்ளும் பறிக்கூடையைச் சேறு போகக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“இன்னாடி, புக்கு போட்றானாமா?”

“பட்டியல எட்த்துட்டாதான் போடுவாராம்மா.”

“இவனுமா?” பவுனம்மாள் சிரித்தாள். பிறகு கூடையைக் கவிழ்த்து வைத்தாள். “ஒரு பேர எத்தினி வாட்டிடி எடுப்பானுங்க?”

மறுநாள் சௌமியா கையெழுத்துப் படியைத் திரும்ப வாங்கி வந்தாள். அம்மா ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல, புதிய கோப்பில் ஏற்றினாள். ஒவ்வொன்றுக்கும் சேர்த்தவர், நேரம், காரணம்.

மூன்று நாளில் முப்பத்தொரு பெயர்கள் கிடைத்தன. மற்ற ஏழு யாரென்று எவருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. அலுவலகம் 176 பேரின் பட்டியலையே இறுதி செய்தது. புத்தகம் அச்சுக்குப் போகவில்லை.