ஒரு பாடம் முன்னே

தீசா ஆற்றினின்று எழுந்த வெண்பனி, கரையோர மரங்களை விழுங்கி, சோல்னோக் நகரின் கூரைகளை ஒவ்வொன்றாய்த் துடைத்தழித்து, மகளிர் பள்ளியின் சாளரங்களில் முகம் பதித்து உள்ளே நோக்கிய, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதாம் ஆண்டின் நவம்பர்த் திங்கள் முற்பகல் அது.

உள்ளே, எடெல்கா என்னும் ஆசிரியை, வேடன் காலடி கேட்ட முயலென விறைத்து நின்றாள். இருபதாண்டு செருமன் மொழி கற்பித்தவளை, இனி உருசியமே கற்பிக்க என்று, உருசியரின் பிடிக்குள் வந்திருந்த அரசு ஒரே மடலில் மாற்றியிருந்தது. உருசியப் பாடநூல் முழுதும் கற்றுத் தேர்ந்தேன் என எல்லோரையும் போலப் பொய்யாய் ஒப்பமிட்டவள், ஞாயிறுதோறும் அகரமுதலியோடு மல்லாடி ஒரு பாடம் கற்று, திங்களன்று அதையே மாணவியர்க்கு ஊட்டிவந்தாள். பன்னிரண்டு பாடம் அறிவாள். பதின்மூன்றாவது அவளுக்கும் இருளே. பொய் வெளிப்பட்டால் வேலை போகும்; வேலை போன வரலாற்று ஆசிரியர் எங்கே போனார் என்று எவரும் கேட்கவில்லை.

ஆய்வாளர் ஓதோன் நுழைந்தார்.

"வாங்க ஐயா."

"ஐயாவா?"

"தோழர்... பழக்கத்துல வந்திருச்சு, தோழர்."

அவர் இருபதாம் பாடத்தைத் திறந்து, முன்னிருக்கை இபோயாவிடம் ஒரு வினாவைப் படித்தார். ஒன்றும் விளங்காத அச்சிறுமி, தான் அறிந்த ஒரே மனப்பாடமான உழவு எந்திரப் பாடத்தை மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். ஆய்வாளரோ கண்மூடித் தலையசைத்தார்.

"அருமை."

மாணவியர் சென்றபின் கதவைச் சாத்தினார்.

"எத்தனை பாடம் தெரியும்?"

"முழுசும், தோழர்."

"கதவு சாத்தியிருக்கும்மா."

"...பன்னெண்டு."

"கொடுத்து வெச்சவங்க. நான் ஒன்பதுலயே நிக்கிறேன். போன வருஷம் வரைக்கும் பிரெஞ்சு வாத்தியார்."

மிகச் சிறப்பு, அடுத்த திங்கட்கிழமை முதல் மாவட்ட ஆசிரியர் நாற்பதின்மருக்கு இவரே பயிற்றுநர் என்று அறிக்கையில் எழுதலானார்.

"வேண்டாங்க. சுமார்னு எழுதுங்க, போதும்."

"சுமார்னு எழுதினா, ஏன் சுமார்னு பார்க்க நிஜமாவே தெரிஞ்ச ஆளா அனுப்புவாங்க. அப்புறம் நாம ரெண்டு பேரும் ஒரே வண்டியில போகணும்."

"அந்த நாப்பது பேர்லயே தெரிஞ்சவங்க இருந்தா?"

"வாயத் திறக்க மாட்டாங்க. உனக்கு எப்படித் தெரியும், போர்க் கைதியா இருந்தியான்னு கேப்பாங்கல்ல."

கற்றறிந்த அன்பரே, பெருமொழிகள் கடலும் மலையும் கடந்து பரவிய வரலாற்றை அறிஞர் பலவாறு விரித்துரைப்பர். எங்கள் ஆற்றங்கரைக்கு உருசியம் வந்த வழி இதுவே. அடுத்த திங்களன்று எடெல்கா, அந்த நாற்பது ஆசிரியர்முன் பதின்மூன்றாம் பாடத்தைக் கரும்பலகையில் எழுதினாள். ஐயம் கேட்க ஒரு கையும் எழவில்லை. அவள் பிழைபட எழுதியவற்றையும் நாற்பது எழுதுகோல்கள் பிழையின்றிப் படியெடுத்தன.