அஸெலித் தீவு

அது தீவு இல்லை. நாங்கள் கொட்டிய சிப்பி ஓடு.

அஸெலி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. காப்பிக் கோப்பையை மாநில அரசின் வக்கீல் பக்கம் நகர்த்தினாள். அவர் மேசைமேல் விரித்திருந்த கடல் வரைபடத்தில், சிறு புள்ளி ஒன்றின் அருகே அவள் பெயர் அச்சாகியிருந்தது.

"கரையிலேர்ந்து மூணு மைல் கடலடி நம்ம லூசியானாவுக்கு. அதுக்கு அப்பால வாஷிங்டனுக்கு, மத்திய அரசுக்கு. இந்தத் தீவு இப்ப முழுகிப்போனாலும், வரைபடம் போட்டப்ப இருந்ததால அதையும் கரைன்னு கோர்ட் ஒத்துக்கிட்டா, மூணு மைலை இங்கேர்ந்து அளக்கலாம். அடியில இருக்கிற எண்ணெய் நமக்கு. இது தானா உண்டான நிலம்னு நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும்மா," என்றார் வக்கீல்.

"போடுங்க அண்ணி," என்றான் க்ளோவிஸ், அவள் கணவன் யுலிஸின் தம்பி. "தீவையே புயல் முழுங்கிடுச்சு. மீனா வந்து சாட்சி சொல்லப் போகுது?"

"மீன் பொய் சொல்லாதுப்பா. உங்கண்ணன் பிடிச்ச மீன் மட்டும் வீடு வர்றதுக்குள்ள ஒரு முழம் வளந்துடும்."

வக்கீல் சிரித்தார். அஸெலியால் சிரிக்க முடியவில்லை.

உடைத்த சிப்பியின் ஓட்டைத் திரும்பவும் கடலில் போடுவது அங்கே எல்லோருக்கும் வழக்கம். குஞ்சுச் சிப்பிகள் அதைப் பற்றிக்கொண்டுதான் வளரும். மற்றவர்கள் பரவலாக வீசினார்கள். யுலிஸ் மட்டும் பதினோரு வருடம் ஒரே இடத்தில் கொட்டினான். படகைக் கட்டிவிட்டு அவளோடு உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம் வேண்டுமாம். ஓட்டுக்குவியல் தண்ணீருக்கு மேல் எழுந்த பிறகு, ஒருநாள் வரைபடம் போட அளவைக்காரர்கள் வந்து பெயர் கேட்டார்கள். "அஸெலித் தீவு" என்றான், முகத்தில் சிரிப்பே இல்லாமல். அவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தன் பெயர் வரைபடத்தில் ஏறும் ஆசையில், தலையைக் குனிந்து ரொட்டியைப் பிட்டுக்கொண்டிருந்தாள்.

யுலிஸ் இறந்து நான்கு வருடமாகிறது. உண்மையைச் சொன்னால், அவன் வைத்த பெயர் அடுத்த வரைபடத்தில் இருக்காது. கையெழுத்துப் போட்டால் பெயர் இருக்கும். அவன் சுமந்து கொட்டியதில் ஒரு கூடைகூடக் கணக்கில் இருக்காது.

"எண்ணெய்ப் பணத்துல நம்ம ஊருக்குப் பள்ளிக்கூடம் வரும் அண்ணி," என்றான் க்ளோவிஸ், குரலைத் தாழ்த்தி.

"தெரியும்ப்பா."

பேனாவை எடுத்தாள். மூடியைத் திருகி மூடி, வரைபடத்தின் மேலேயே வைத்தாள்.

"அது தானா உண்டாகல தம்பி," என்றாள் வக்கீலிடம். "நானும் கூடை சுமந்திருக்கேன். காப்பி ஆறிப் போச்சே, வேற போடட்டுமா?"