மூலப் பிறப்புக் குறிப்பு

எண்பத்தெட்டாம் ஆண்டு யாழ்ப்பாணத்து இணுவிலுக்கு வந்திறங்கிய கலாநிதி கதிரவேலுவின் பட்டங்களை மேடையில் சொல்லி முடிப்பதற்குள், வாசிகசாலைத் தலைவர் பரமலிங்கத்துக்கு இரண்டு தரம் மூச்சு வாங்கியது. ஐரோப்பியப் புலமைப்பரிசிலுக்குப் பிள்ளைகளைத் தெரிவுசெய்ய வந்திருக்கிறாராம். பரமலிங்கமே மாலை போட்டார்.

கலாநிதிக்குச் சாதாரண சொற்கள் ஒத்துவராது. தண்ணீர் கேட்டபோதுகூட "அருந்துநீர்" என்றார்.

"பிள்ளையின் மூலப் பிறப்புக் குறிப்பை உறையிலிட்டுத் தருக" என்றார் தாய்மாரிடம்.

குணலட்சுமி, மகள் அருந்ததியினதை உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தாள். ஜேர்மனியில் இருந்த தகப்பன் இருவரையும் கூப்பிட அலுவல் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். புலமைப்பரிசிலும் கிடைத்தால் கசக்குமா? உறையைத் திறந்து பார்ப்பது தன் தகுதிக்குக் குறைவென்று கலாநிதி அப்படியே பைக்குள் தள்ளினார்.

அடுத்த மாதம் பரமலிங்கம் சைக்கிளைக் குணலட்சுமி வீட்டுப் படலையடியில் விழவிட்டு ஓடிவந்தார்.

"பிள்ளை, மோசம் போனம்! உவன் கலாநிதியுமில்லை, ஒண்டுமில்லை. உன்னைப்போலை உறை குடுத்த கோப்பாய் நல்லம்மா பெடியனுக்குப் பாஸ்போட் எடுக்கப் போக, 'உங்கடை மகன் போன மாசமே சுவிசுக்குப் போட்டாரே' எண்டினமாம். பெடியன் பக்கத்திலை ஐஸ்பழம் சூப்பிக்கொண்டு நிக்கிறான்! அவன்ரை பேரிலை வேறை ஆரோ பிள்ளையை ஏத்திவிட்டிட்டான் உந்தக் கள்ளன்."

குணலட்சுமிக்கு உடனே மகளின் நினைப்புத்தான் வந்தது. அருந்ததியின் பெயரிலும் யாரோ போய்விட்டால், அருந்ததி எந்தப் பெயரில் தகப்பனிடம் போவாள்?

"ஐயோ அண்ணை, பிள்ளையின்ரை குறிப்பை என்ரை கையாலை குடுத்திட்டனே! நாளைக்குக் கலியாணம் பேசேக்கை எதைக் காட்டிப் பொருத்தம் பாக்கிறது?"

பரமலிங்கம் நிமிர்ந்தார்.

"பொருத்தமோ? நீ என்னத்தையடி குடுத்தனி?"

"குறிப்பைத்தான். சாத்திரியார் கணிச்ச சாதகம். அவர் குறிப்பெண்டுதானே கேட்டவர்?"

"அப்ப பேர்த் சேட்டிபிக்கற்?"

"அதை ஆர் கேட்டது? றங்குப்பெட்டிக்குள்ளை கிடக்கு."

பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். கூறைச் சேலை மடிப்புக்குள் இருந்து கடதாசி விழுந்தது. அருந்ததியின் பெயர், தகப்பன் பெயர், முத்திரை, எல்லாம் அப்படியே. குணலட்சுமி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிலத்திலேயே குந்தியிருந்து அழுதாள். அழுகைக்கு நடுவில் சிரிப்பும் வந்தது.

"ஏழிலை கிடக்கிற செவ்வாயை வைச்சுக்கொண்டு முழுசியிருப்பான்" என்றார் பரமலிங்கம். "எந்த எயாப்போட்டிலை உதைக் காட்டுறது?"

அன்று பின்னேரமே வாசிகசாலையில் அவர் கதை வேறுவிதமாக இருந்தது. "நான்தான் பிள்ளைக்கு ரகசியமாய்ச் சொன்னனான், சாதகத்தைக் குடுத்து ஆளை மடக்கு எண்டு." மாலையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

குணலட்சுமி அடுத்த நாளே மகளோடு பாஸ்போட் எடுக்க அரசாங்கக் கச்சேரிக்குப் போனாள். கிளாக்கர் கடதாசியை வாங்கக் கை நீட்டினார். அவள் ஒரு நுனியை விடவில்லை.

"விடுங்கோ அக்கா, கிழியப்போகுது."

"கிழிஞ்சால் கிழியட்டும் தம்பி. ரெண்டு துண்டும் என்னட்டைத்தான் இருக்கும். நீங்கள் அப்பிடியே குனிஞ்சு பாத்து எழுதுங்கோ."

கிளாக்கர் குனிந்து எழுதினார்.