ஒரு குப்பிக்குப் பத்துக் கை

மெதெர்பெக்குக்கு ஊசி என்றால் பயமில்லை. நூற்றிருபது கிலோ மல்லர்கள் இரண்டு பேர், ஒருவர் இடுப்புப் பட்டையை மற்றவர் பிடித்துக்கொண்டு மலைச்சரிவு மாதிரி சாயும்போது, அடியில் தலையை விட்டு யார் முதுகு முதலில் தரையைத் தொட்டது என்று பார்க்கிறவருக்கு ஊசி என்ன செய்துவிடும்? இருபத்தாறு வருஷமாகப் பட்டை மல்யுத்தத்துக்கு நடுவர். அவர் விசில் சத்தம் காதில் விழுந்தால் சொந்த ஊர் நாரின் பக்கத்துக் குதிரைகள் இன்றைக்கும் மேய்ச்சலை நிறுத்திவிட்டு வரிசையில் நிற்கும். பிழைப்பு மட்டும் வேறு. கிர்கிஸ்காரர் எல்லை தாண்டி வந்து பக்கத்து நாட்டு அல்மாத்தி நகரச் சந்தையில் விளையாட்டுச் சட்டையும் காலணியும் விற்கத் தொடங்கிப் பதினொரு வருஷம் ஆகிவிட்டது.

அந்த அக்டோபரில் ஆப்பிரிக்காவின் டக்காரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. உலகப் போட்டிக்கு நடுவராக வரவும். டிக்கெட் எங்கள் செலவு, தங்குமிடம் எங்கள் செலவு, தடுப்பூசி உங்கள் செலவு. மெதெருக்கு நாற்பத்தொன்பது வயது. ஐம்பது தாண்டியவரை அந்தச் சங்கம் உலகப் போட்டிக்குக் கூப்பிடாது. ஆக, இது முதல் அழைப்பு; கடைசி அழைப்பும் இதுதான்.

மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்டதாக மஞ்சள் அட்டைப் புத்தகம் ஒன்று கையில் இருக்கவேண்டும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அந்தப் புத்தகத்துக்கு உயிர் வரும். பயணம் இருபத்துநாலாம் தேதி. பதினாலாம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் ஊசி கையில் இறங்காவிட்டால், டக்காரில் வேறு எவனோ விசில் ஊதுவான்.

திங்கட்கிழமை காலை அலைச்சல் ஆரம்பித்தது. சொந்த நாட்டில், பிஷ்கெக்கில் இருக்கும் மைத்துனனுக்குப் போன் போட்டார். அங்கே மருந்து தீர்ந்துவிட்டதாம், அடுத்த மாதம் வருமாம், வந்தால் வருமாம். சரி என்று அல்மாத்தியிலேயே ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனார். தரையில் முகம் பார்த்துத் தாடி சீவிக்கொள்ளலாம், அப்படி ஒரு கண்ணாடிக் கட்டடம். வரவேற்பில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே விலை சொன்னாள். அந்தப் பணத்துக்கு வால் கொழுத்த கிடா ஒன்று வாங்கலாம். மிச்சத்தில் அதை அறுக்க ஆளும் வைக்கலாம்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அவர் மனைவி உல்ஜான் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஒரு முழுக் கிடாவ ஒரு ஊசிக்குள்ள எப்படிங்க அடைச்சாங்க?"

அதனால்தான் செவ்வாய்க்கிழமை அரசாங்க மருத்துவமனை. மூன்றாவது மாடியில், குழந்தைகளுக்கு ஊசி போடும் அறைக்கு அடுத்த அறை. வெளிநாட்டுக்காரர் என்றாலும் பாஸ்போர்ட் இருந்தால் போதும். விலையோ கிடாவின் ஒரு கால் அளவுதான், அதுவும் முன்னங்கால். மெதெருக்கு வாயெல்லாம் பல். அந்தப் பல்லை மூடவைத்தவள் ரைசா என்கிற நர்ஸ். முப்பது வருஷம் குழந்தைகளின் அலறலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவள். பக்கத்தில் இடி விழுந்தாலும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

"ஒரு குப்பியில பத்துப் பேருக்கு மருந்து தம்பி. கரைச்சுட்டா ஆறு மணி நேரத்துல தீர்த்தாகணும். மிச்சத்தக் கொட்டினா என் சம்பளத்துல பிடிப்பாங்க. பத்துக் கை வரட்டும், திறக்கறேன்."

"இப்ப எத்தனை கை இருக்குக்கா?"

"உங்க கையோட நாலு."

கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. வரிசை என்றால் இங்கே காலில் நிற்பது மட்டுமில்லை, காகிதத்திலும் நிற்கவேண்டும். பெயர் எழுதிக்கொள்ளலாம். ஆனால் தினமும் காலை எட்டு மணிக்கு வந்து, பெயர் கூப்பிடும்போது குரல் கொடுக்கவேண்டும். குரல் இல்லை என்றால் பெயர் மேல் கோடு. சோவியத் காலத்தில் அலமாரிக்கும் தொத்திறைச்சிக்கும் இப்படி நின்று பழகிய ஜனம். சட்டத்தை மறந்தாலும் இதை மறக்காது.

பட்டியல் என்று ஒன்று இருந்து, நடுவர் என்று ஒருவரும் இருந்தால் அவர் சும்மா இருப்பாரா? புதன்கிழமை காலை மெதெர் பேனாவைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். எட்டு மணிக்கு விசில் ஊதினார். பக்கத்து அறையில் அழுதுகொண்டிருந்த பதினேழு குழந்தைகளும் ஒரே நொடியில் வாயை மூடிக்கொண்டன. ரைசா மட்டும் கண்ணாடியைத் துடைத்தாள்.

பெயர் கூப்பிட்டு முடித்துக் காகிதத்தை மடித்த பிறகு, தாடி வைத்த மண்ணியல்காரன் ஒருவன் மாடிப்படி ஏறி மூச்சிரைக்க வந்தான். காமரூனில் சுரங்க வேலையாம். லிஃப்ட் நின்றுவிட்டதாம். எட்டு மணி இரண்டு நிமிடம். மெதெர் கடிகாரத்தைக் காட்டிவிட்டு அவன் பெயர் மேல் கோடு போட்டார். அவன் கெஞ்சிப் பார்த்தான். மல்யுத்த மேடையில் இரண்டு நிமிடத்தில் உலக சாம்பியனே மாறிவிடுவான் என்று மெதெர் விளக்கம் சொன்னார்.

"இது மேடை இல்லண்ணே, ஆஸ்பத்திரி" என்றான் அவன். "ஒரு ஆள் குறையும்போது என் மூஞ்சி உங்களுக்கு ஞாபகம் வரும் பாருங்க."

வந்தது. மறுநாளே வந்தது. வியாழக்கிழமை காலைப் பட்டியலில் ஒன்பது பேர். ஒன்பது பேரும் குரல் கொடுத்தார்கள். பத்தாவது இடம், விழுந்த பல்லின் சந்து மாதிரி திறந்து கிடந்தது. மண்ணியல்காரன் எண்ணுக்குப் போன் போட்டார்கள். அவன் வேறு ஊரில் போட்டுக்கொண்டுவிட்டானாம். நடுவருக்கு வணக்கம் சொல்லச் சொன்னானாம்.

மற்ற எட்டுப் பேரும் மெதெரைப் பார்த்த பார்வையில் நூறு சமோவரில் தேநீர் கொதித்திருக்கும். அவர் மதியம்வரை அந்த நடைவழியில் நின்று, வருகிற போகிற எல்லாரிடமும் கேட்டார். தரை துடைக்கும் அம்மாவிடம் கேட்டார். லிஃப்ட் பழுது பார்க்க வந்தவனிடம் கேட்டார். குழந்தையைத் தூக்கிவந்த தகப்பன்மாரிடம், ஆப்பிரிக்கா போகிற எண்ணம் இல்லாவிட்டாலும் பின்னாளில் உதவுமே என்று கேட்டார். சந்தைக்குப் போய்க் கடை கடையாகக் கேட்டார். வாலிலிருந்து கொம்பு வரை பேரம் பேசும் வியாபாரிகள், ஊசி என்றதும் கடையை மூடிவிட்டு ஓடினார்கள். அன்றைக்குச் சந்தையே ஒரு மணி நேரம் முன்னதாக அடைத்தது என்று சொன்னால் நம்பத்தான் வேண்டும்.

வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. நூடுல்ஸ் கிண்ணத்தில் முள்கரண்டியைச் சுழற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு தலை நிமிர்ந்து உல்ஜானைப் பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. அவளுக்குக் காது குத்தும்போது நாலு சித்திமார்கள் பிடித்துக்கொண்டார்கள். அதில் ஒருத்திக்கு இன்றைக்கும் கட்டைவிரல் நேராக வராது.

"மாட்டேன்" என்றாள்.

"நான் ஒண்ணும் கேக்கலையே."

"டக்கார் போறது நீங்க. காய்ச்சல் டக்கார்ல. ஊசி மட்டும் எனக்கா?"

"ரெண்டு பேருக்கும் சேர்த்து ரெண்டு முன்னங்கால்தான் உல்ஜான். அந்தக் கண்ணாடிக் கட்டடத்துல முழுக் கிடா."

அவள் விரல் மடக்கிக் கிடாவையும் முன்னங்காலையும் கணக்குப் பார்த்தாள். பிறகு, முதல் ஆளாகத் தனக்குப் போட்டுவிடவேண்டும், காத்திருந்தால் ஜன்னல் வழியாகக் குதித்துவிடுவேன் என்று சொன்னாள். மூன்றாவது மாடி என்று அவர் ஞாபகப்படுத்தினார். அதெல்லாம் தெரியும் என்றாள்.

வெள்ளிக்கிழமை, பதினாலாம் தேதி. எட்டு மணிக்குப் பத்துப் பேரும் குரல் கொடுத்தார்கள். பத்து மணிக்கு ரைசா குப்பியைத் திறந்தாள். பட்டியல் வைத்திருப்பவன் தானே முதலில் போனால் ஜனம் காறித் துப்பும். விருந்துக்கு அழைத்தவன் பந்தியில் கடைசியாக உட்காருகிற மாதிரி, அவனும் கடைசியில்தான் போகவேண்டும். அப்படியே பெயர் கூப்பிட்டார் மெதெர். உல்ஜான் முதலில் போனாள். அவள் போட்ட கூச்சலில் மலைமேல் இருந்த பனி கொஞ்சம் கீழே இறங்கியது. அடுத்து எட்டுப் பேர், ஒவ்வொருவராக. பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, நாலு நாள் சேர்ந்து நின்ற பாசத்தில், யாரும் கிளம்பாமல் சுவரோரம் நின்றார்கள். ஒன்பது பெயருக்கு நேரே ஒன்பது குறி விழுந்தது. மெதெர் பேனாவைச் சட்டைப்பையில் சொருகி, சட்டைக்கையை மடித்தார்.

அப்போது கதவு திறந்தது.

நரித்தோல் தொப்பி, முழங்கால்வரை பூட்ஸ், தாடி வெள்ளை வெளேர் என்று. துலெகென் என்று பெயர் சொன்னார், எழுபத்தொரு வயது. முந்நூறு கிலோமீட்டர் காரோட்டி வந்திருக்கிறார். ஆப்பிரிக்காவில், அக்ராவில் வாழ்க்கைப்பட்ட மகளுக்குத் தலைப்பிரசவம். இருபத்தைந்தாம் தேதி விமானம். அறுபது தாண்டியவருக்கு இந்த ஊசியை யோசிக்காமல் போடமாட்டார்கள் என்று தெரிந்து, ஊர் டாக்டரிடம் சோதித்து நாலு முத்திரை குத்திய தாளும் கொண்டுவந்திருந்தார். இன்றைக்குக் குப்பி திறக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்களாம்.

சுவரோரம் நின்ற ஒன்பது பேரும் பெரியவரைப் பார்த்தார்கள். பிறகு மெதெரைப் பார்த்தார்கள்.

மெதெரின் மூளை டக்கார் மேடையில் நின்றுகொண்டிருந்தது. ஆனால் நாக்கு நாரினில் வளர்ந்த நாக்கு. தாடி வெளுத்தவர் நிற்க, தான் உட்கார்ந்து அதற்குப் பழக்கமில்லை.

"உக்காருங்க ஐயா" என்று அது சொல்லிவிட்டது.

உன் முறையப்பா, நீ போ என்று பெரியவர் சொல்வார் என்று மெதெர் ஒரு நொடி நம்பினார். பெரியவர் தொப்பியைக் கழற்றி மெதெர் கையில் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் சட்டைக்கையை ஏற்கெனவே மடித்திருந்தார்.

ரைசா ஊசியைப் போட்டு முடித்துக் குப்பியைக் கவிழ்த்துக் காட்டினாள். உள்ளே ஒரு கொசு குளிக்கக்கூட ஈரமில்லை. இன்னொரு குப்பி இருக்கிறதா என்று மெதெர் கேட்டார்.

"இருக்கே. இன்னும் ஒன்பது பேரைக் கூட்டிட்டு வாங்க தம்பி."

பெரியவர் எழுந்து, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, மெதெரை ஆசீர்வதித்தார். அவர் குதிரைகள் பெருக வாழ்த்தினார். மெதெருக்குக் குதிரை இல்லை. ஏழு தலைமுறை வாழ்த்தி முடிக்கப் பதினைந்து நிமிடம் ஆனது. மெதெர் நரித்தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். விரல்கள் அதன் வாலை ஒவ்வொரு மயிராகப் பிய்த்துக்கொண்டிருந்தன. போட்டி போச்சு, ஐந்து நாள் போச்சு, எங்கும் போகாத பெண்டாட்டிக்கு மஞ்சள் புத்தகம், போகிறவனுக்கு வெறுங்கை. யாரைத் திட்டுவது? ஊதி நிறுத்த எதிரில் மல்லனும் இல்லை.

ஆனால் பெரியவர் அவர் கையை விடவில்லை. இழுத்துக்கொண்டு மூன்று மாடியும் இறங்கினார். உல்ஜான் பின்னாலேயே வந்தாள். வாசலில் நின்ற தன் பழைய காரின் பின்கதவைத் திறந்தார். உள்ளே கால் கட்டி, வைக்கோல்மேல், மணமகன் மாதிரி ஒரு கிடா படுத்திருந்தது. வால் தலையணை அளவு இருந்தது. நகரத்துச் சம்பந்தி வீட்டுக்குக் கொண்டுவந்ததாம்.

"சம்பந்திக்கு அடுத்த தடவை பாத்துக்கலாம். ஒருத்தன் இடத்த வாங்கிட்டு வெறுங்கையோட ஊருக்குப் போனா, என் நாயே என்னப் பாத்துக் குலைக்கும்."

மெதெர் மறுக்க வாயைத் திறந்தார். மறுத்தால் இன்னும் பெரிய அவமரியாதை. திறந்த வாயை மூடிக்கொண்டு நரித்தொப்பியைத் திருப்பிக் கொடுத்தார். உல்ஜான் குனிந்து கிடாவின் வாலைத் தூக்கிப் பார்த்து, கையால் எடை போட்டாள்.

"ஏங்க, உங்க ஊசி வந்திருக்கு."

மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. கண்ணாடிக் கட்டடம் ஆறு மணிக்கு மூடும். கால்கட்டை அவிழ்த்ததும் கிடா மெதெர் காரின் பின்சீட்டில் ஏறிக்கொண்டு ஜன்னலில் தலை நீட்டியது. நாலு சிக்னலில் பக்கத்துக் கார்க்காரர்கள் அதற்கு வணக்கம் வைத்தார்கள். சந்தையில் முதல் கசாப்புக்காரன் அரைக் கிடா விலை சொன்னான். இரண்டாமவன் கிடாவுக்குப் பல் இல்லை என்றான். கிடா அவன் விரலைக் கடித்துக் காட்டியது. மூன்றாமவனிடம் உல்ஜான் இரண்டு மணி நேரம் நின்றாள். ஊசி போட்ட கை வீங்கியிருந்தது. அந்தக் கையை அவன் முகத்துக்கு நேரே ஆட்டி ஆட்டியே பேரத்தை முடித்தாள். மெதெர் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, எட்டு மணி இரண்டு நிமிடத்துக்கு வந்த தாடிக்காரனை நினைத்துக்கொண்டார். அவனிடம் ஒரு தடவை மன்னிப்புக் கேட்கத் தோன்றியது. பிறகு, அவனால்தானே இத்தனையும் என்று கோபமும் வந்தது.

ஐந்தரைக்குக் கண்ணாடிக் கட்டடம். வரவேற்புப் பெண் மூக்கைச் சுளித்தாள். மெதெர் சட்டையில் பாதிக் கிடா ஒட்டியிருந்தது. கிடா விலையைக் கிடா வாசனையோடு மேசைமேல் வைத்தார். உள்ளே கூப்பிட்டார்கள். பெயர் கூப்பிட விசில் இல்லை, கதவில் காகிதம் இல்லை, முன்னால் ஒருவரும் இல்லை. உட்கார்ந்தார், குத்தினார்கள், முத்திரை போட்டு மஞ்சள் புத்தகத்தைக் கொடுத்தார்கள். மூன்று நிமிடம்.

"அவ்வளவுதானா?" என்றார் மெதெர்.

"அவ்வளவுதாங்க. வேற என்ன எதிர்பார்த்தீங்க?"

நாலு நாள் அரசாங்க மருத்துவமனைப் படிக்கட்டை ஏறி இறங்கிய முழங்காலை அவர் தடவிக்கொண்டார்.

காரில் உல்ஜான் தன் மஞ்சள் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை, விளக்கு வெளிச்சத்தில் தூக்கி ஒரு தடவை.

"ஏங்க, இது ஆயுசுக்கும் செல்லுமாமே?"

"ஆமா."

"எனக்குத்தான் ஊசி போட்டாச்சே. டக்காருக்கு ஒரு டிக்கெட் எத்தனை கிடாங்க?"

மெதெர் வண்டியைக் கிளப்பாமல் கணக்குப் போட்டார். கணக்கு முதல் மந்தையைத் தாண்டியதும் நிறுத்திவிட்டார். சட்டைப்பையில் விசில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு, வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினார். உல்ஜான் புத்தகத்தை மூடவில்லை.